உடற்பருமன்: ஏளனம் வேண்டாம், மருத்துவம் வேண்டும்!

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் இரவில், தராவீஹ் தொழுகைக்குப் பின் உணவு ஒழுக்கம் பற்றி உரையாற்றினேன். வயிற்றை மூன்று பங்காக்கி, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் ஒதுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை விளக்கினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பருத்த உடலே பெருந்தீனிக்குச் சாட்சி என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன். திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலும் ஒலிபெருக்கி இருந்தது.

மறுநாள் அஸருக்குப் பின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், நேற்றைய பயானைக் கேட்டு எங்கள் வீட்டில் அழுதுவிட்டார்கள். ஸஹருக்கும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் உண்பது என்னைவிடக் குறைவு. அப்படியிருந்தும் உடல் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. ஒரு நல்ல மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்லுமாறு மட்டும் கூறினேன். அறியாத விஷயத்தில் தீர்ப்புக் கூறிய குற்றவுணர்வு என்னை வாட்டியது. அன்று முதல் இது குறித்துப் படிக்கவும், அறிந்தோரிடம் கேட்கவும் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

அளவுகோல் எது?

கண்ணால் பார்த்து, "இவர் பருமன், இவர் ஒல்லி" என்று சொல்வது மருத்துவம் ஆகாது. மருத்துவர்கள் முதலில் எடையையும் உயரத்தையும் அளக்கின்றனர். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். இக்கணக்கின் மூலவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெத்தலே ஆவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி இவ்வெண் 25ஐ எட்டினால் எடை மிகுதி. 30ஐ எட்டினால் உடற்பருமன். ஆனால், நம் நாட்டு மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் வந்துவிடுகின்றன. ஆகவே, 2009ஆம் ஆண்டு இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23ஐ எடை மிகுதியின் தொடக்கமாகவும், 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வகுத்தனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 59 கிலோ என்பது முதல் எச்சரிக்கை. 64 கிலோ என்பது இரண்டாம் எச்சரிக்கை.

இடுப்புச் சுற்றளவு இதனினும் முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே நம்மவர்க்கு உரிய எல்லை. தையல் நாடா எல்லா வீட்டிலும் உண்டு. இன்றே அளந்து பார்க்கலாம்.

இது யாரோ சிலரின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் எடை மிகுந்தோராகவோ பருமனானோராகவோ காணப்பட்டனர். அந்த ஆய்வு 25 என்ற எண்ணையே கொண்டு கணக்கிட்டது.

காரணம் நாவு மட்டும்தானா?

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்பது இறைமறையின் போதனை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பருத்தவர் அனைவரும் வரம்பு மீறியவர், மெலிந்தவர் அனைவரும் பேணுதலானவர் என்று எண்ணுவது பெரும்பிழை.

டென்மார்க் நாட்டில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 1986இல் வெளியாயிற்று. அவர்களின் உடல்வாகு, சோறூட்டி வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை. முகம் காணாத, ஈன்ற பெற்றோரையே ஒத்திருந்தது. பரம்பரையின் பங்கு அத்துணைப் பெரியது. ஒரே சட்டியில் உண்ணும் இரு சகோதரியரில் ஒருவர் பருப்பதும் மற்றவர் மெலிந்திருப்பதும் இதனால் வியப்பன்று.

இன்னொன்றும் உண்டு. நம் உடலின் கொழுப்பு அணுக்கள் 'லெப்டின்' என்னும் சுரப்பை வெளியிட்டு, சேமிப்பு எவ்வளவு உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. 1994இல் கண்டறியப்பட்ட உண்மை இது. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சம் எனக் கருதிப் பசியைக் கூட்டுகிறது. எடை குறைத்தோரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஓராண்டுக்குப் பின் மீண்டும் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். அப்பொழுதும் அவர்களது பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அரும்பாடுபட்டு எடை குறைத்தவர் மீண்டும் பருத்தால், "மன உறுதி இல்லை" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அவரோ தம் உடலோடு ஓயாது போராடிக் களைத்தவர்.

மருத்துவர் கேட்ட கேள்வி

அப்பெரியவரின் துணைவியாரின் கதைக்கு வருவோம். மருத்துவர் அவர்களிடம், "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்?" என்றே கேட்டாராம். மூச்சிரைப்புக்காக எப்பொழுதோ எழுதித் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி, இடைவிட்டு இடைவிட்டுப் பல ஆண்டுகள் உட்கொண்டு வந்திருக்கிறார்கள். பசியைத் தூண்டி, முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்ப்பது அம்மருந்தின் இயல்பு. மருத்துவர் உறிஞ்சு மருந்துக்கு மாற்றி, மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். இவ்வகை மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார்.

ஸ்டீராய்டு மட்டுமல்ல, இன்சுலின், சர்க்கரை நோய் மாத்திரைகளுள் சில, மனநோய் மருந்துகளுள் சில, வலிப்பு மருந்துகளுள் சில ஆகியனவும் எடையைக் கூட்டக் கூடியவை. தைராய்டு சுரப்பிக் குறைவும், பெண்களுக்குச் சினைப்பையில் ஏற்படும் நீர்க்கட்டிப் பிரச்சினையும் எடையோடு தொடர்புடையவை. ஆதலால் மருத்துவரிடம் செல்லும்போது மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு ஆகிய சோதனைகள் செய்யப்படலாம். குறட்டை உண்டா, பகலில் தூக்கம் அழுத்துகிறதா, முழங்கால் வலிக்கிறதா என்றும் கேட்பார்கள். வெட்கமின்றி விடை கூறுங்கள்.

முதற்படி: உணவும் நடையும்

எவருக்கும் சிகிச்சையின் அடித்தளம் இதுவே. ஆனால் இலக்கு சிறிதாக இருக்கட்டும். 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நன்கு இறங்கத் தொடங்கும். கல்யாணப் படத்தில் இருந்த உடல் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாயிலில் நின்றோரிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட பேராய்வின் இலக்கு, உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும், வாரம் 150 நிமிடங்கள் நடப்பதுமே. அவர்களுள் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் குறைந்ததோ 31 விழுக்காடுதான். நம் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து, 2006இல் வெளியான ஆய்விலும் உணவும் நடையும் சர்க்கரை நோயை 28.5 விழுக்காடு குறைத்தன. நம் சோறும் குழம்பும் உண்போரிடமே இது மெய்ப்பிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நம் சமையலறையில் முதலில் கவனிக்க வேண்டியது எண்ணெய்க் கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலோ நெய்யிலோ ஏறத்தாழ 120 கலோரி அடங்கியுள்ளது. நால்வர் உண்ணும் ஆணத்தில் நான்கு கரண்டியைக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் 120 கலோரி குறையும். சுவை அவ்வளவாகக் குறையாது. அடுத்து, சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, பருப்பு, மீன், தோல் நீக்கிய கோழி, முட்டை ஆகியவற்றின் அளவைக் கூட்டுங்கள். பிரியாணியை ஹராமாக்க வேண்டாம். அதனை வெள்ளிக்கிழமை விருந்தாக வைத்துக்கொண்டு, ஒரு தட்டோடு எழுந்துவிடுங்கள். இனிப்பிட்ட தேநீர் ஒரு நாளில் எத்தனை குவளை என்று எண்ணிப் பாருங்கள்; பலருக்கு அங்கேதான் திறவுகோல் உள்ளது.

பட்டினி கிடப்பது வழியன்று. மிகக் கடுமையான குறைவுணவு முறையும் உண்டு. அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடைபெற வேண்டியது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி கொண்ட சத்துக்கரைசல் உணவை மூன்று முதல் ஐந்து மாதம் வரை கொடுத்தனர். அவர்களுள் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குப் பின் மருந்தின்றியே சர்க்கரை நோய் அடங்கியிருந்தது. மருந்துகளை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவர் கையில் இருந்ததால் அது பாதுகாப்பாக முடிந்தது. இதனை வீட்டில் தாமாகச் செய்து பார்ப்போர், சர்க்கரை மாத்திரையின் வீரியத்தால் மயங்கி விழ நேரிடும்.

நடைக்கு இடமில்லை என்று நம் பெண்கள் கூறுவதில் உண்மை உண்டு. தெருவில் நடக்கக் கூச்சமெனில் மொட்டை மாடி உண்டு. மாடி இல்லையெனில் வீட்டின் நீண்ட கூடம் உண்டு. பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் அது அரைமணி நேரமே. ஃபஜ்ருக்குப் பின் கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் அதனைக் குறை கூறுவார் யார்?

இரண்டாம் படி: மருந்து

உணவும் நடையும் மட்டும் போதாதவர்க்கு மருந்து உண்டு. இதில் இரு தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, மருந்தே கூடாது என்பது. மற்றொன்று, விளம்பரத்தைக் கண்டு எதையும் விழுங்குவது.

முதலாவது தவறுக்கு விடை, நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதே. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்போரை நாம் பழிப்பதில்லை. இதற்கு மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?

இரண்டாவது தவறுக்கு வரலாறே எச்சரிக்கை. ஃபென்ஃப்ளூரமின் என்னும் எடைக் குறைப்பு மருந்து இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதே சிபுட்ரமினை, 'மூலிகை' எனப் பெயரிட்ட மெலிவுப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் மறைத்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பன்முறை கண்டுபிடித்துள்ளது. "பக்கவிளைவே இல்லை, பதினைந்தே நாளில் பலன்" என்று யாரேனும் விற்றால் விலகி நில்லுங்கள்.

இன்று பெரிதும் பேசப்படுபவை செமாக்ளுடைடு, டிர்ஸெபடைடு என்னும் வாரம் ஒருமுறை ஊசிகள். உணவு உண்டபின் குடல் சுரக்கும் இயற்கைப் பொருளை ஒத்து, பசியைக் குறைத்து, வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கின்றன. 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளுடைடு 68 வாரங்களில் உடல் எடையைச் சராசரியாக 14.9 விழுக்காடு குறைத்தது. 2022இல் வெளியான ஆய்வில் டிர்ஸெபடைடின் உயர்ந்த அளவு 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைத்தது. இவ்விரண்டும் 2025இல் எடைக்குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தன.

செமாக்ளுடைடு, ஈஸ்டு எனும் நுண்ணுயிரைக் கொண்டு ஆக்கப்படுகிறது; டிர்ஸெபடைடு வேதியியல் முறையில் ஆக்கப்படுகிறது. ஆகவே, பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற அச்சம் இவ்விரு மருந்துப் பொருள்களைப் பொறுத்தவரை வேண்டியதில்லை. கூட்டுக் குளிகையாக வரும் மருந்தாயின் அதன் உறை எதனால் ஆனது என்று கேட்டறிவது நம் உரிமை.

இவற்றிலும் தீங்குகள் உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியன பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருப்போர் இவற்றை எடுக்கலாகாது. கருவுற்றோருக்கு ஆகாது, கருத்தரிக்க விரும்பும் பெண்கள் செமாக்ளுடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இன்னொன்று: ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டதாக அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஆகவே இது மாதந்தோறும் தொடரும் செலவு. மகள் கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கும் காரியமன்று.

மூன்றாம் படி: அறுவை சிகிச்சை

உடல் நிறை எண் மிகக் கூடியவர்க்கு அறுவை சிகிச்சையே மிகுந்த பலன் தருகிறது. 2022இல் உலக அறுவை மருத்துவ அமைப்புகள் வகுத்த நெறிப்படி, ஆசிய மக்களுக்கு இவ்வெண் 27.5ஐத் தாண்டினாலே இது பற்றி ஆலோசிக்கலாம். ஆலோசிக்கலாம் என்பதற்கு அனைவரும் செய்துகொள்ள வேண்டும் என்பது பொருளன்று.

இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி, எஞ்சியதைக் குழாய் போலாக்குவது ஒரு முறை. இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது மற்றொரு முறை. சுவீடன் நாட்டில் 1987 முதல் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறுவை செய்து கொண்டோரின் மரண விகிதம் குறைந்திருந்ததை 2007இல் காட்டியது.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகாதா?" என்று சிலர் கேட்கின்றனர். அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவதும், நோயைத் தீர்க்க உறுப்பில் கை வைப்பதும் ஒன்றல்ல. குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்கிறோம், கண்புரைக்கும் செய்கிறோம். அவரவர் நிலைமையைத் தம் ஊர் ஆலிமிடம் மருத்துவ அறிக்கையோடு எடுத்துரைத்துத் தெளிவு பெறுக.

அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் இரும்பு, கால்சியம், பி12, டி ஆகிய சத்துகளை உட்கொள்ள வேண்டும். இரத்தச் சோதனை தொடர வேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது அவசியம். இப்பேணுதலுக்கு ஆயத்தமில்லாதவர் அவசரப்படலாகாது.

ரமலானும் சிகிச்சையும்

நோன்பு இபாதத், எடை குறைக்கும் திட்டமன்று. ரமலானில் குறையும் எடை மிகச் சிறிது என்றும், அதில் பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்றும் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்புகள் கூறுகின்றன. இஃப்தாரில் வடையும் சமோசாவும் சர்பத்தும் வரிசையாக வந்தால் வேறென்ன நிகழும்? பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் போதும். மஃரிபுக்குப் பின் அளவான உணவு.

சத்தூட்டும் நோக்கமற்ற ஊசிகள் நோன்பை முறிப்பதில்லை என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் முடிவு கூறியது. வாரம் ஒருமுறை ஊசியை இரவில் போட்டுக் கொண்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சர்க்கரை மருந்து உண்போரும், அறுவை செய்து கொண்டோரும் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைக் காண்பது கடமை. நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்பதில் இழுக்கு ஏதுமில்லை.

குடும்பத்தின் பங்கு

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது ஒரு மாதம் கூட நீடிக்காது. எண்ணெய் குறைந்த ஆணம் அனைவருக்கும் நல்லதே. "இன்னும் ஒரு அகப்பை" என்று வற்புறுத்துவதை விருந்தோம்பல் என்று நினைக்கிறோம். அவர் வேண்டாம் என்றபின் விடுவதும் விருந்தோம்பல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டப்பெயரும் கேலியும் வேண்டாம். ஏளனத்துக்கு அஞ்சியவர் மருத்துவரின் எடை இயந்திரத்தில் ஏறவும் அஞ்சுகிறார், நோய் முற்றுகிறது. பிறரைப் பட்டப்பெயரால் அழைப்பதை இறைமறை தடுத்திருப்பதை நாம் அறிவோம்.

அப்பெரியவரின் துணைவியார் 82 கிலோவில் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டில் 73 கிலோவாயிற்று. பார்ப்போர் கண்ணுக்கு இன்னும் பருமனே. ஆனால் இரத்த அழுத்த மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாயிற்று, மூச்சிரைப்பு அடங்கியது. "எங்கள் வீட்டில் இப்பொழுது நாற்காலி இல்லாமல் தொழுகிறார்கள், ஹஜ்ரத்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த ரமலானில் அதே இடத்தில் நின்று, முன்பு நான் சொன்னது தவறு என்று ஒலிபெருக்கியிலேயே கூறினேன். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் குறை கண்டால் பழிக்காமல், மருத்துவம் பார்ப்பதே அமானிதத்தைப் பேணும் வழி. உங்கள் வீட்டிலும் யாரேனும் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தால், அவர்களோடு நீங்களும் மருத்துவரிடம் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.